பொருள் கேட்காத சொல்விளையாட்டு

2015 ஜூலையில் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் பட்டம் வென்றவர் நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. போட்டிக்கு முன் ஏறக்குறைய 9 வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலை உருப்போட்டார். பிறந்ததிலிருந்து அந்த மொழியில் பேசி வளர்ந்தவர்களைத் தோற்கடித்தார். 2024-இல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானியப் பட்டத்தையும் அதே வழியில் தட்டிச் சென்றார். கேட்பவர்களுக்கு முதலில் வியப்பு வரும், அடுத்து லேசான எரிச்சல் வரும். மொழி தெரியாதவர் மொழி விளையாட்டில் ஜெயித்தால் அதில் ஏதோ கள்ளாட்டம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அப்படி எதுவும் இல்லை. இந்த ஆட்டத்தின் பிறப்பே அப்படி. 1930-களில் வேலையிழந்திருந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அதிகம் வரும் 'இ'-க்கு 12 காய்கள், ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. அரிதாக வரும் 'க்யூ'-வுக்கு ஒரே காய், 10 புள்ளி. ஒரு சொல்லின் மதிப்பு அதன் எழுத்துகளிலிருந்தும் பலகையில் அது விழுந்த கட்டங்களிலிருந்தும் வருகிறது. பொருளுக்கென்று அரைப் புள்ளிகூடக் கிடையாது.

ஆகவே போட்டிக்காரர்கள் எழுத்தை வைத்தே படிக்கிறார்கள். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழு காய்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்ப்பார்கள். அந்த ஏழில் ரீடெயின்ஸ் உண்டு, நாஸ்டியர் உண்டு, ஸ்டெய்னர் உண்டு; ரெட்சினா என்ற கிரேக்க ஒயினும் ஸ்டியரின் என்ற கொழுப்பும்கூட உண்டு. ஏழு காயையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். ஆட்டத்தின் முதல் முறையிலேயே சரியான கட்டம் பார்த்து வைத்தால் மொத்தம் 66. கிரேக்கர்கள் அந்த ஒயினில் பிசின் வாசனை சேர்ப்பதைத் தெரிந்துகொண்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

இந்த முறையின் பெரிய பலம், அது பிறப்பைப் பார்ப்பதில்லை. ஆங்கிலப் பட்டத்தை 2003-இல் பானுபோல் சுஜ்ஜயகோர்னும் 2009-இல் பகோர்ன் நெமித்ரமான்சுக்கும் வென்றார்கள். இருவரும் தாய்லாந்துக்காரர்கள். ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத ஒரு நாடு இவ்வளவு தூரம் வந்தது உருப்போட்டதால்தான். இலக்கியம் படித்தவர்களின் சலுகையை இந்த நெட்டுரு உடைத்தது. அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சலுகையில் வளர்ந்தவர்கள்.

ஆனால் பட்டியல் ஒன்றை மறைத்துவிடுகிறது: ஒரு சொல் ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணத்தை. 'யூ' இல்லாமல் வரும் 'க்யூ' சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் படித்தவர்களுக்கு அவை எல்லாமே விதிவிலக்காகத் தெரியும். கி, காத், ஃபகீர், கனாத், தலாக், நிகாப் என்று வரிசையாக மனப்பாடம் செய்வார்கள். காத் என்பது ஏமனில் மெல்லும் இலை, கனாத் என்பது ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய். இவற்றில் பெரும்பாலானவை அரபி வழி வந்தவை. அரபியின் காஃப் எழுத்தை ரோமன் எழுத்தில் 'க்யூ' என்று எழுதுவது வழக்கம். கி மட்டும் சீனத்து உயிர்மூச்சு, பின்யின் எழுத்துமுறையின் வழியாக வந்தது. இந்த ஒரு செய்தி தெரிந்தால் பாதிச் சொற்கள் தாமாகவே நினைவில் ஒட்டும். பட்டியலை மட்டும் பார்ப்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டியதுதான்.

பொருள் தெரிந்திருப்பது எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலப் போட்டிகளில் செல்லுபடியாகும் சொற்களின் தொகுப்பான காலின்ஸ் பட்டியலில் தோசா இருக்கிறது, தோசையும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே தோசா ஒருமை, தோசை பன்மை! நாலு தோசை தின்று பழகிய நம் ஆள், ஒருமைதானே என்று நம்பி அதன் வாலில் ஒரு 'எஸ்'-ஸை ஒட்டினால், எதிராளி சேலஞ்ச் செய்வார், காய்களைத் திரும்ப எடுக்க வேண்டும், முறையும் போகும். தோசையைக் கண்ணால் பார்த்திராத பாங்காக் பையன் அங்கே தப்பு செய்யமாட்டான்.

பொருளே கிடையாது என்ற வாதம் 2021-இல் சோதனைக்கு உள்ளானது. இனம், பால், சமூகம் சார்ந்த சுமார் 400 வசைச்சொற்களை, வட அமெரிக்காவுக்கு வெளியே ஸ்கிராபிளின் உரிமையாளரான மட்டேல் நிறுவனம் நீக்கச் செய்தது. பலகையில் வந்தபின் எந்தச் சொல்லும் வெறும் எழுத்துக்கோவைதான், அதை ஏன் நீக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். தர்க்கப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த வசையைத் தெருவில் கேட்டவராக இருந்தால் அவரிடம் இந்தத் தர்க்கம் செல்லாது. நீக்கியது நியாயம் என்றே நினைக்கிறேன்.

எனக்கு உண்மையான குறை போட்டி மேசையில் இல்லை. 'குழந்தைக்கு ஆங்கிலச் சொல்வளம் பெருகும்' என்று சொல்லி இதே பட்டியல் படிப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் காலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் மட்டும் 127. அத்தனையையும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஒரு வாக்கியம்கூடக் கூடுதலாக எழுத வந்துவிடாது. எழுத்தை வைத்துச் சொற்களைக் கூட்டுவதில் தவறில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, சொற்களை எதுகை எழுத்தின்படிதான் அடுக்குகிறது. அங்கே சொல் வரும் செய்யுளிலேயே அதன் பொருள்களும் வந்துவிடும். பிரித்துப் படிக்க வழியே இல்லாதபடி நிகண்டின் ஆசிரியர் மண்டலபுருடர் கட்டி வைத்தார்.

வீட்டில் ஆடுகிறவர்கள் ஒரு விதியைச் சேர்க்கலாம்: வைத்த சொல்லுக்குப் பொருள் சொன்னால்தான் புள்ளி. ஆட்டம் மெதுவாகும், ஸ்கோர் விழும். பட்டியல் படித்து வந்த அண்ணன், ஒன்றும் படிக்காத அத்தையிடம் தோற்கக்கூடும், சண்டையும் வரும்.