மதிப்பெண்ணும் மண்ணும்: ஒயின் விமர்சனத்தின் அரை நூற்றாண்டு

ஒரு வட்டாரத்தின் ஒயினில் இன்னின்ன இயல்புகள் இருக்கும் என்று அதைத் தொடர்ந்து அருந்துவோர் எதிர்பார்க்கும் தன்மைகளின் தொகுப்பே வட்டாரப் பாணி எனப்படுகிறது. மண்ணும் தட்பவெப்பமும் அங்கு வேரூன்றிய திராட்சை வகைகளும் தலைமுறைகளாகக் கைமாறி வந்த தயாரிப்பு முறையும் சேர்ந்து அதனை உருவாக்குகின்றன. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் கபெர்னே சோவின்யோன், மெர்லோ முதலிய வகைகளைக் கலந்து சிவப்பு ஒயின் செய்கிறார்கள்; பர்கண்டியிலோ பெரும்பாலும் பினோ நுவார் என்னும் ஒரே வகையைக் கொண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும் சுவையைப் போற்றுகிறார்கள். இவ்வேறுபாடுகளை மதிப்பிட வந்த விமர்சகர்கள், தாம் கைக்கொண்ட அளவுகோலாலேயே அவற்றை அழித்துவிட்டார்களா என்னும் கேள்வி கடந்த அரை நூற்றாண்டு ஒயின் எழுத்தின் மையத்தில் நிற்கிறது.

ஒயினைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் விமர்சகர்களுக்கு முற்பட்டது. 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகப் போர்தோவின் வணிகத் தரகர்கள், சந்தை விலையை அடிப்படையாகக் கொண்டு, அங்குள்ள சிவப்பு ஒயின்களை ஐந்து படிநிலைகளாகப் பிரித்தனர். முதற்படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு பண்ணைகள் இடம்பெற்றன. 1973இல் மூத்தோன் ரோட்ஷீல்ட் அப்படிக்கு உயர்த்தப்பட்டதைத் தவிர அந்த வரிசையில் குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழவில்லை. விலையே தரத்தின் சான்றாகவும், தரவரிசையே விலைக்குக் காரணமாகவும் அமைந்த இந்த ஏற்பாட்டில், ஒயினைப் பற்றி எழுதியவர்களில் பலரும் வணிகத்தோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடையவர்களாகவே இருந்தனர்.

இந்நிலையை மாற்றியது செய்திமடல் என்னும் எளிய வடிவம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ராபர்ட் பார்க்கர், நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரின் தாக்கத்தால், விளம்பரம் ஏற்காமல் சந்தாப் பணத்தில் மட்டுமே இயங்கும் 'ஒயின் அட்வகேட்' இதழை 1978இல் தொடங்கினார். போர்தோவில், அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே அதைச் சுவைத்து முன்கூட்டியே விற்கும் முறை உண்டு. அவ்வாறு சுவைக்கப்பட்ட 1982ஆம் ஆண்டு ஒயின்களை, அப்போது செல்வாக்குடன் செய்திமடல் நடத்திவந்த ராபர்ட் ஃபினிகன் குறைத்து மதிப்பிட, பார்க்கர் அவற்றை ஓங்கிப் புகழ்ந்தார். காலம் பார்க்கரின் பக்கம் தீர்ப்பளித்ததால் அவர் சொல் சந்தையை அசைக்கும் வலிமை பெற்றது.

அவ்வலிமையின் கருவியாக அமைந்தது நூறு புள்ளி முறை. ஐம்பது புள்ளிகள் அடித்தளமாக வழங்கப்பட, நிறத்துக்கு ஐந்து, மணத்துக்குப் பதினைந்து, சுவைக்கும் அது நாவில் நீடிக்கும் தன்மைக்கும் இருபது, ஒட்டுமொத்தத் தரத்துக்கும் முதிரும் ஆற்றலுக்கும் பத்து எனப் புள்ளிகள் கூட்டப்பட்டன. பள்ளி மதிப்பெண்ணுக்குப் பழகிய வாசகருக்கு இது உடனே விளங்கியது. ஆயினும், குளிர்ந்த மலைச்சரிவில் விளைந்த மெல்லிய ஒயினையும் வெயில் காயும் சமவெளியில் விளைந்த அடர்த்தியான ஒயினையும் ஒரே கோலில் நிறுத்தும்போது, நூறு கோப்பைகளுக்கு நடுவே முதல் மிடறில் தன்னை உணர்த்திவிடும் அடர்த்திக்கே சாதகம் அமைகிறது. விமர்சகர் எழுதிய விரிவான குறிப்பு இதழோடு நின்றுவிட, எண் மட்டும் கடைத் தட்டில் ஏறியது.

எண்ணுக்கேற்பத் தயாரிப்பும் மாறத் தொடங்கியது. போர்தோவின் பொமரோல் பகுதியைச் சேர்ந்த மிஷேல் ரோலான் போன்ற ஆலோசகர்கள், திராட்சையை நன்கு பழுக்கவிட்டுப் பறிப்பது, புதிய ஓக் பீப்பாயில் முதிரச் செய்வது முதலிய முறைகளைப் பல நாடுகளில் பரப்பினர். இவற்றால் துவர்ப்பு மென்மையாகிப் பழச்சுவை ஓங்கிற்று. இந்தப் போக்கின் மீதான மிகக் கூர்மையான மோதல், ஐரோப்பா வெப்ப அலையில் வாடிய 2003ஆம் ஆண்டில், போர்தோவின் சான்-தெமிலியோன் பகுதியில் விளைந்த ஷாதோ பாவி ஒயின் குறித்து எழுந்தது. பார்க்கர் மிக உயர்வாக மதிப்பிட்ட அதற்குப் பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் இருபதுக்குப் பன்னிரண்டு மட்டுமே அளித்தார். ஒருவர் கோப்பையில் இருந்த செறிவை அளந்தார். மற்றவர் அது சான்-தெமிலியோன் ஒயினாகத் தோன்றவில்லை என்பதைக் குறையாகக் கண்டார். இருவரும் ஒரே ஒயினை வெவ்வேறு கேள்விகளுக்கு விடையாக வாசித்தனர் என்பதே இந்த மோதல் காட்டும் உண்மை.

எண்ணின் துல்லியமும் கேள்விக்கு உள்ளாயிற்று. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2005 முதல் நான்கு ஆண்டுகள் ராபர்ட் ஹாட்ஜ்சன் நடத்திய ஆய்வில், ஒரே புட்டியிலிருந்து மும்முறை ஊற்றித் தரப்பட்ட ஒயினுக்கு ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பளித்த நடுவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே.

எல்லா வட்டாரங்களையும் ஒரே கோலால் அளந்த போக்குக்கான மறுமொழியும் செய்திமடலிலிருந்தே பிறந்தது. ஆலன் மெடோஸ் தம் 'பர்க்ஹவுண்ட்' இதழைப் பர்கண்டியை மையமாகக் கொண்டு நடத்தினார்; அந்தோனியோ கலோனி 2004இல் இத்தாலியின் பீட்மான்ட் வட்டாரத்துக்கென்றே ஒரு மடல் தொடங்கி, பின்னர் பார்க்கரின் இதழில் பணியாற்றி, 2013இல் 'வினஸ்' என்னும் தனி வெளியீட்டை நிறுவினார். அந்தப் பீட்மான்டின் பரோலோ ஒயின் தயாரிப்பாளர்களிடையேயும், நெபியோலோ திராட்சையின் சாற்றைத் தோலோடு நெடுநாள் ஊறவிட்டுப் பழைய பெரும் பீப்பாய்களில் முதிரவைத்த பார்த்தோலோ மஸ்கரெல்லோ போன்ற மரபினருக்கும், ஊறலைக் குறைத்துச் சிறிய புதிய பீப்பாய்களுக்கு மாறிய எலியோ ஆல்தாரே போன்ற புதுமையினருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. கலிஃபோர்னியாவில், கொல்கத்தாவில் பிறந்த ரஜத் பாரும் ஜாஸ்மின் ஹிர்ஷும் 2011இல் தொடங்கிய இயக்கம், மிகைச் செறிவுக்கு எதிராகச் சமநிலையை வலியுறுத்தி 2016இல் நிறைவுற்றது.

இவற்றைக் கொண்டு வட்டாரப் பாணிகளின் தேய்வுக்கு ஒரு விமர்சகரின் நாவை மட்டும் குற்றம் சொல்வது பொருந்தாது. பார்க்கரின் நாட்டம் வெளிப்படையானது. அதை ஏற்பதும் மறுப்பதும் வாசகரின் உரிமையாக இருந்தது. எந்த நிலத்து ஒயின், எந்த எதிர்பார்ப்போடு அளக்கப்பட்டது என்னும் விளக்கத்தை எண்ணிலிருந்து பிரித்துவிட்ட வணிகமே பெரிய மாற்றத்தை நிகழ்த்தியது. இப்போது வெப்பமாகும் புவியும் திராட்சையை முன்னரே பழுக்கவைத்து, ஆல்கஹால் அளவை உயர்த்தி, வட்டார இயல்பு என்று கருதப்பட்டதையே நகர்த்திக்கொண்டிருக்கிறது. மாறும் நிலத்துக்கு நிலையான இலக்கணம் வகுக்க இயலாத இச்சூழலில், ஒரே வட்டாரத்தை ஆண்டுதோறும் சுவைத்து அதன் மாற்றத்தைச் சொற்களில் பதிவு செய்யும் விமர்சனமே பயன் தரும். புள்ளிகள் அப்பதிவுக்குள் நுழைய உதவும் அட்டவணையாக மட்டும் இருந்தால் போதும்.