பால் காய்ந்த சட்டை

துணியைக் கொண்டு அடையாளத்தையும் பெண்மையையும் இனத்தையும் பேசும் கலைக்கு இன்று உலகக் காட்சிக்கூடங்களில் நல்ல மவுசு. மலேசியாவிலும் பாத்திக், சொங்கெட், பாய் எல்லாம் கைவினைக் கடையிலிருந்து ஓவியக்கூடத்துக்கு ஏறிவிட்டன. அந்த ஊர்வலத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் வேலைத்துணி பின்வரிசையில்கூடச் சரியாக இடம்பிடிக்கவில்லை என்பது என் குறை. சிரம்பானுக்குத் தெற்கே, கோலா சாவா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுத்தவர்கள், உடுத்திய துணியை முன்னால் வைத்துக்கொண்டுதான் இத்துறையை அளந்து பார்க்க விரும்புகிறேன்.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியுமுன்பே பிரட்டு, அதாவது ஆள்கணக்கெடுப்பு. அந்த இருட்டில் பெண்கள் உடுத்திப் போனது சேலை அல்ல. இடுப்பில் பூப்போட்ட கைலி, மேலே கணவனோ மகனோ போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பு அழுத்தும் தோளில் மடித்துப் போட்ட பழந்துணி. மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது பால் தெறிக்கும். சட்டையின் கைப்பக்கத்திலும் கைலியின் முன்மடிப்பிலும் வெள்ளையாக விழுவது உலர்ந்து பழுப்பாகும், நாள்பட நாள்படக் கருத்துத் தோல்போலத் தடித்துவிடும். துவைக்கத் துவைக்கத் துணிதான் நைந்துபோகும், பால் போகாது. சேலை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். கிழிந்தபின் அது பிள்ளைக்கு ஏணை.

இந்த உடுப்பில் எத்தனை வரலாறு கலந்திருக்கிறது பாருங்கள். தோட்டத்து வரிசைவீடான லயத்தின் கொடியில் ஆணின் கட்டம்போட்ட கைலி காயும். மலாய்க்காரர் அதைப் பெலிக்காட் என்பார்கள். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. பக்கத்தில் காயும் பெண்ணின் பூக்கைலியோ ஜாவாவும் கிளந்தானும் திரங்கானுவும் வளர்த்த பாத்திக் மரபைச் சேர்ந்தது. ஆக, தமிழ் ஆண் தமிழ்க்கரையின் பெயர் தாங்கிய துணியை மலாய்க்காரர் கட்டும் விதத்தில் கட்டினான். தமிழ்ப் பெண் மலாய்ப் பெண்ணின் துணிமேல் ஆண்சட்டை போட்டுக்கொண்டு, ஆணைவிடக் குறைந்த கூலிக்கு மரம் வெட்டினாள். போருக்கு முந்திய மலாயாவில் ஆண் கூலி, பெண் கூலி என்று தனித்தனி விகிதமே இருந்தது. 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, அதில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் பலர் கால்சட்டைச் சீருடைக்கு மாறினார்கள். பெண்மை, இனம் என்று நாம் பெரிய பெயர் வைத்துப் பேசுவதெல்லாம் அவர்களுக்கு எந்தத் துணியை எப்போது உடுத்துவது என்ற அன்றாடக் காரியம்.

இனி கலைக்கு வருவோம். பினாங்கில் சுவா தியான் தெங் 1950களில் பாத்திக்கை ஓவியமாக்கி வழி திறந்தார். மெழுகும் சாயமும் அவர் கையில் தூரிகையின் வேலையைச் செய்தன. இன்று அதிகம் பேசப்படுபவர் சபாவின் யீ ஈ-லான். செம்போர்ணாவை அடுத்த ஓமடால் தீவின் பஜாவ் நெசவுப் பெண்களோடு சேர்ந்து அவர் செய்த பாய்களில் மேசையின் உருவம் பின்னப்பட்டிருக்கும். உட்கார்ந்து எழுதி ஆட்சி செய்தவனின் தளவாடம் மேசை. எல்லாரும் சமமாக உட்கார்ந்த இடம் பாய். பாய் பின்னிய பெண்களின் பெயர்களைத் தம் பெயரோடு அவர் போடுகிறார். என் கணக்கில் படைப்பில் பாதி அங்கேயே இருக்கிறது. மலாக்காவில் பிறந்த ஆன் சாமாட் வேறு ஜாதி. மண்வாரி, சமையல் கரண்டி, மணி என்று கண்டதையும் நூலோடு கோத்து, ஆளுயரத்துக்கும் மேலே காவல்தெய்வம்போல நிறுத்துவார். வீட்டுவேலைச் சாமான் இப்படிக் கம்பீரமாவதை வேறெங்கும் நான் இவ்வளவு விரும்பிப் பார்த்ததில்லை.

தோட்டத்துக்கு நெருங்கி வர வேண்டுமானால் இலங்கை மலையகத்தைத்தான் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், பயன்படுத்திய தேயிலைப் பைகளையும் சாயக்கறையையும் கொண்டு தேயிலைத் தோட்டப் பெண்ணின் உழைப்பைச் சொல்கிறார். அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹேமா ஷிரோனி துணியில் ஊசிநூலால் வீடுகளைத் தைக்கிறார். இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள் அவை. சில படைப்புகளில் நூல் அறுபடாமல் தொங்கும். இருவரும் துணியை அலங்காரமாகத் தொடுவதில்லை. பட்டுச்சேலை ஒன்றை விட்டத்திலிருந்து தொங்கவிட்டுப் ‘பெண்’ என்று தலைப்பு வைக்கும் படைப்புகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது ஆறுதல்.

இனம் என்று வரும்போது நம் துணி நமக்கு முன்பே கடல் கடந்திருக்கிறது. 1786இல் ஸ்பானிய ஆளுகையிலிருந்த லூசியானாவில், கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலைமுடியை மூடித் துணி கட்ட வேண்டும் என்று ஆளுநர் மீரோ ஆணையிட்டார். அவர்கள் பளிச்சென்ற துணிகளை ஒய்யாரமாகக் கட்டி அவமானத்தை அலங்காரமாக்கினார்கள். அந்தத் தலைக்கட்டுகளோடு சேர்த்துப் பேசப்படும் துணிகளில் சென்னைக் கட்டத்துணியும் உண்டு. நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள் அதே கட்டத்துணியை வாங்கி, குறிப்பிட்ட இழைகளைக் கத்திமுனையால் தூக்கி அறுத்து உருவிப் புதிய கோலம் கொண்டுவருவார்கள். நெய்ததைக் குறைத்தே தமதாக்கிக்கொள்ளும் வித்தை அது. அமெரிக்காவின் ஃபெய்த் ரிங்கோல்ட் தையற்காரியான தாயிடமிருந்து பெற்ற ஒட்டுப்போர்வை மரபில், 1983 முதல் கறுப்பினப் பெண்களின் கதைகளை எழுதித் தைத்தார். இந்த வரிசையில் தோட்டத்துச் சட்டைக்குத் தாராளமாக இடமுண்டு.

அந்தச் சட்டைக்கு எதிர்பாராத உறவு ஒன்றும் இருக்கிறது. நியூயார்க்கில் ஈவா ஹெஸ் 1969இல் மெல்லிய பருத்தித் துணியில் ரப்பர்ப்பாலைப் பூசி, கண்ணாடியிழையோடு சேர்த்து எட்டுத் தொங்கல்களாகத் தொங்கவிட்டார். இன்று கான்பராவின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் அது இருபதாம் நூற்றாண்டுச் சிற்பக்கலையின் மைல்கற்களில் ஒன்று. பருத்தியும் ரப்பர்ப்பாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு லயத்துக் கொடியிலும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஹெஸ்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்று கலையாகவும் மற்றது அழுக்காகவும் எண்ணப்பட்டதில் இனத்துக்கும் கூலிக்கும் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். சிங்கப்பூர்த் தமிழ்க் கலைஞர் பிரியகீதா தியா, மலாயாத் தோட்ட உழைப்பையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு காணொளியிலும் சிற்பத்திலும் வேலைசெய்து வருகிறார். 1992இல் பிறந்தவர். கதவு அந்தப் பக்கம்தான் திறந்திருக்கிறது.

ஆனால் சரக்கு கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் காலியாகிவிட்டன, மரம் வெட்டிய பெண்களுக்கு வயதாகிவிட்டது. பால் காய்ந்த துணி பத்திரப்படுத்துவதற்கும் பொல்லாதது. மடித்து வைத்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டலாம். காற்றும் வெளிச்சமும் பட்டால் வெடித்து உதிரும். ஹெஸ்ஸின் ரப்பர்ப்பால் படைப்புகளோடு அருங்காட்சியகங்கள் மல்லாடுவதும் இதே தொல்லையோடுதான். கோலாலம்பூரின் தேசிய ஜவுளி அருங்காட்சியகமோ, தனியாக ஒரு கலைஞரோ இப்படிப்பட்ட சட்டைகளைத் தேடி எடுக்கப் புறப்பட்டால், சட்டைக்கு அருகில் எழுதும் சீட்டில் அதைப் போட்டு உழைத்தவளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் முதலில் வரட்டும். கலைஞரின் பெயர் அதற்குக் கீழே இருக்கலாம்.