ஒன்பது கிரெடிட் என்னும் மாயக்கணக்கு

அமெரிக்காவுக்கு இயற்பியல் முதுகலை படிக்கப் போகிறவர்களிடம் சீனியர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. முதல் செமஸ்டரிலேயே மெக்கானிக்ஸ், எலெக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம் மூன்றையும் எடுத்துவிடு. 9 கிரெடிட் ஆகிவிடும், முழுநேர மாணவர் என்ற கணக்கும் நேராகும், பிறகு ஆராய்ச்சிதான்.

இதில் நியாயம் உண்டு. மெக்கானிக்ஸில் பாய்சான் பிராக்கெட் பழகியவருக்கு குவாண்டத்தின் கம்யூட்டேட்டர் அந்நியமாக இராது. வகுப்பே ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடலாம். அவ்வளவுதான்.

கோளாறு கிரெடிட்டை அளவுகோலாகக் கொள்வதில் இருக்கிறது. அமெரிக்க அரசின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது வாரம் 1 மணி நேர வகுப்பும் வெளியே குறைந்தது 2 மணி நேர உழைப்பும். 9 கிரெடிட்டுக்கு 27 மணி. உதவித்தொகைக்காக லேபில் பாடம் எடுப்பது 20 மணி. மொத்தம் 47, காகிதத்தில் தாங்கக்கூடிய சுமைதான்.

காகிதத்துக்கு ஜாக்சனைத் தெரியாது. 1962-இல் முதலில் வந்த அவருடைய ‘கிளாசிக்கல் எலெக்ட்ரோடைனமிக்ஸ்’தான் பல துறைகளில் இன்றும் பாடநூல். மூன்றாம் பதிப்பு 800 பக்கங்களைத் தாண்டும். நிலைமின்னியலைத் தாண்டுவதற்குள்ளேயே கிரீன் சார்பு, லெஜாண்டர், பெசல் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். ஒரே ஒரு கணக்கு ஓர் இரவை விழுங்கிவிடும். இளங்கலையில் கிரிஃபித்ஸின் பாடநூலோடு நிறுத்திக்கொண்டு வந்தவர் இங்கேதான் திணறுகிறார். இதற்கும் 3 கிரெடிட், எளிய விருப்பப்பாடத்துக்கும் 3 கிரெடிட்!

சுமை தாங்காத உள்ளூர் மாணவர் ஒரு பாடத்தைக் கைவிட்டுவிடலாம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் முன் அனுமதி இல்லாமல் முழுநேர அளவுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே பறிபோகும். தகுதிக்கு மீறிய பாடத்தில் சேர்ந்துவிட்டதைச் சுமைக்குறைப்புக்கு ஏற்ற காரணமாக விசா விதி ஒப்புக்கொள்கிறது. ஆனால் படிப்புச் சிரமத்துக்கான அந்தச் சலுகை ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு ஒரே முறைதான், அப்போதும் பாதிச் சுமையையாவது சுமக்க வேண்டும். விதி எழுதியவர்களுக்குத் தெரிந்த இந்தச் சங்கடம் சீனியர்களின் யோசனையில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. போதாததற்கு, சராசரி கிரேடு ‘பி’-க்குக் கீழே போனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எச்சரிக்கைக் கடிதம் வரும்.

இத்தனை அவசரம் எதற்கு? அங்கே முதுகலைப் பட்டத்துக்குப் பொதுவாக 30 கிரெடிட் போதும். நான்கு செமஸ்டருக்குப் பிரித்தால் சராசரி எட்டுகூட இல்லை. 9 என்பது முழுநேரக் கணக்கைக் காப்பாற்றத்தான். அதை மூன்று கனமான பாடங்களால்தான் நிரப்ப வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. புதிதாகப் போகிறவர்கள் மெக்கானிக்ஸையும் குவாண்டத்தையும் எடுத்துக்கொண்டு, துறை அனுமதித்தால் மூன்றாவது இடத்தைக் கணித முறைகளுக்கோ ஆராய்ச்சி கிரெடிட்டுக்கோ கொடுக்கட்டும். பதிவு செய்யுமுன் போன வருடத்து வீட்டுக்கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.