உச்சி வெயிலுக்கு ஒரு மெத்தை வீடு

புள்ளலூருக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஆண்டில் இரண்டு முறை. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் மறுமுறை. அந்த நாள்களில் நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. இடையிலுள்ள மே, ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே தள்ளிப் போய்விடுகிறது. அதனால் கத்திரி வெயில் கொளுத்தும்போது தெற்குச் சுவரில் வெயில் விழுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். காலையில் கிழக்குச் சுவர் வாங்குகிறது, மாலையில் மேற்குச் சுவர் வாங்குகிறது, பகல் முழுக்கக் கூரை வாங்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வீடு கட்டுகிற யாரும் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான். வாசல் எந்தத் திசையில் வைப்பது, முகப்புக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று வீட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் பேசுகிறார்கள். கூரையைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. வெயில் நாட்டு வீட்டின் அழகு அதன் கூரையில் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன்.

அண்ணாந்து பார்க்கத் தகுந்த கூரை என்றால் மெத்தை வீட்டின் கூரை. கட்டடக் கலைஞர்கள் இதை 'மெட்ராஸ் டெரஸ்' என்று எழுதுகிறார்கள். உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துப் பழைய தெருக்களில் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். அதன் மேல் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் ஓர் அங்குல கனமே உள்ள சின்னச் செங்கற்கள். அவற்றைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, ஒரு மூலையிலிருந்து தொடங்கி மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார் கொத்தனார். அடியில் பலகை கிடையாது, முட்டுக் கிடையாது. முந்தைய வரிசையின் சுண்ணாம்புச் சாந்தே அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். சென்ட்ரிங் அடிக்காமல் அந்தரத்தில் ஒரு தளத்தை நெய்துகொண்டு போகிற இந்த வேலையைக் கீழிருந்து பார்த்தால், தேக்குச் சட்டங்களுக்கு நடுவே சாய்வான கோடுகள் ஒரே சீராக ஓடுவது தெரியும். வெள்ளையடித்த பிறகும் அந்தக் கோடுகள் மறைவதில்லை. சட்டத்துக்குச் சட்டம் திசை மாறாமல் ஓடினால் கை தேர்ந்த கொத்தனார் என்று பொருள்.

அதற்கு மேல்தான் உண்மையான உழைப்பு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தளம் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். அடி ஒன்றுபோல விழ வேண்டும் என்பதற்காகவே பாட்டும் உண்டு. முதல் நாள் கட்டை விழுந்த இடமெல்லாம் பள்ளமாகும். போகப் போகப் பள்ளம் தழும்பாகச் சுருங்கும். கடைசியில் கட்டை விழுந்த தடமே தெரியாமல் கையில் துள்ளி எகிறும். அப்போதுதான் தளம் இறுகிவிட்டது என்று நிறுத்துவார்கள். அளவுகோலும் சான்றிதழும் இல்லாமல், கட்டை கையைத் திருப்பி அடிக்கிற அந்த ஒரு துள்ளலை வைத்தே தரம் பார்த்தார்கள். அதன் மேல் தட்டோடு பதித்து, சந்துகளைச் சுண்ணாம்பால் பூசி முடித்தால், ஒழுங்காகப் பராமரிக்கிற வீட்டில் அந்தத் தளம் தலைமுறைகளைத் தாண்டும்.

இந்தக் கூரை வெயிலை என்ன செய்கிறது? தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. தட்டோடு, சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, நிறுத்திய செங்கல் என்று ஒவ்வோர் அடுக்கையும் கடந்துதான் சூடு கீழே இறங்க வேண்டும். செங்கல் ஜல்லிக்குள் நுண்ணிய துளைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. சூடு அதில் தடுமாறித்தான் நகரும். நண்பகல் வெயில் அடிப்பக்கத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. மேற்பரப்பு வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை விடத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தால், வெயிலில் பெரும்பகுதி உள்ளே இறங்காமலே திரும்பிப் போய்விடும்.

இப்போது எல்லா ஊரிலும் போடுகிற ஐந்தங்குல கான்கிரீட் தளத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கான்கிரீட் சூட்டை வேகமாகக் கடத்தும் பொருள். மதியம் மேலே வாங்கிய சூடு மூன்று நான்கு மணி நேரத்தில் கீழே வந்துவிடும். அதற்குப் பின் இரவு பத்து மணி வரை அந்தத் தளம் கீழே இருப்பவர்களின் மேல் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். வெளியே தெருவில் காற்று ஆறிவிட்டிருக்கும், வீட்டுக்குள் படுக்க முடியாது. மின்விசிறியைப் போட்டால் தளத்தடியில் தேங்கிய அனலைத்தான் அது கீழே தள்ளும். குளிர்சாதனம் வாங்கி வைத்தால், கட்டுகிற மின்கட்டணத்தில் பெரும்பங்கு தளத்திலிருந்து இறங்கும் சூட்டை வெளியேற்றவே போகிறது. வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிய கூரைக்காக மறுபடி ஆயுள் முழுக்கப் பணம் கட்டுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

பாலைவனத்தில் இதைச் சோதித்தே காட்டினார் எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தி. 1940களில் லக்சர் நகருக்கு எதிரே புதிய குர்னா என்ற கிராமத்தை மண் கல்லாலேயே கட்டியவர் அவர். அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்கள் சென்ட்ரிங் இல்லாமலே மண் கல்லில் வளைவுக் கூரை எழுப்புவதைக் கண்டு, அவர்களை அழைத்துவந்து வேலை செய்யவைத்தார். நம் ஊர் மெத்தை வீட்டுக் கொத்தனாரும் நூபியக் கொத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. முட்டுக் கொடுக்காமல் கூரை போடுவது எப்படி என்று இருவரும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1964 மார்ச்சில் கெய்ரோவில் இரண்டு சோதனை அறைகளின் வெப்பம் அளக்கப்பட்டது. ஒன்று அரை மீட்டர் கனமுள்ள மண் கல் அறை, மற்றொன்று பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் பலகை அறை. மண் அறைக்குள் இரவும் பகலும் சேர்த்து வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் மாறவில்லை. கான்கிரீட் அறைக்குள் 36 டிகிரி வரை ஏறியது. அது வெளிக்காற்றைவிட 9 டிகிரி அதிகம். வெயிலுக்கு ஒதுங்குகிற இடம் வெயிலைவிடச் சூடாக இருந்தால் அதை வீடு என்று சொல்வது கடினம்.

ஆனால் பாலைவன வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து புள்ளலூரில் வைக்க முடியாது. அங்கே பகலில் கொளுத்தினாலும் இரவில் வெப்பம் நன்றாக இறங்கிவிடும். பகல் முழுக்க அடைத்து வைத்து, இரவில் திறந்து, அந்தக் குளிர்ச்சியைச் சுவரில் சேமித்தால் மறுநாளைக்குப் போதும். நமக்கு மே மாத இரவும் புழுக்கம்தான். வங்கக் கடல் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கடற்காற்று சென்னையை நண்பகலிலேயே தொட்டுவிடும், இங்கே வந்துசேரப் பொழுது சாயும். ஜூனிலும் ஆடியிலும் மேல்காற்று அனலை வாரிக்கொண்டு வரும். ஐப்பசி பிறந்தால் அடைமழை. ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு குணம் கொண்ட வீடு: தலைக்கு மேலும் மேற்கிலும் கனமாக, கிழக்கிலும் தெற்கிலும் காற்று புகுந்து புறப்படும்படி.

பழைய வீட்டின் அமைப்பைப் பார்த்தால் அதைத்தான் செய்திருக்கிறார்கள். தெருப்பக்கம் திண்ணை, நடை, கூடம், நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள். மாலைக் காற்று எழும்பினால் வீடு முழுவதும் ஊடுருவிப் போகும். காற்றில்லாத மதியத்தில் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறும், அந்த இடத்துக்குத் தாழ்வாரத்து நிழலிலிருந்து காற்று நகர்ந்து வரும். பல வீடுகளில் மேற்கு ஓரத்து அறை நெல்லுக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் போயிருக்கிறது. மாலை வெயிலை நெல் மூட்டைகள் வாங்கிக்கொள்ள, மனிதர்கள் கூடத்தில் படுத்தார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர்களின் குழித்தறி இதற்கு இன்னொரு அருமையான உதாரணம். காலைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டு உட்காரும் அந்தக் குழி, பட்டு நூலுக்கு வேண்டிய ஈரப்பதத்தையும் காலுக்குக் குளிர்ச்சியையும் சேர்த்தே கொடுத்தது.

வீட்டை ஒரு தகுதியாகவே பார்த்த ஊர்ப்பக்கம் இது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டியவர் தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது.

புள்ளலூர் என்றால் வரலாறு படித்தவர்களுக்குப் போர்தான் நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவரும் சாளுக்கியரும் மோதிய களம். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்த களம். அந்தப் போரின் பெரிய சுவரோவியம் ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையில் இருக்கிறது. மாளிகை 1784இல் திப்பு கோடைக்காகக் கட்டியது. ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வெடிமருந்து வண்டிகள் வெடிப்பதையும் பல்லக்கில் குந்தியிருக்கும் பெய்லியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டடி பின்னால் வந்து நிற்கும் இடத்தையும் பார்க்கலாம். ஓவியம் இருப்பது மாளிகையின் மேற்கு வெளிச்சுவர். கட்டடத்துக்கு மிகக் கொடிய வெயில் விழும் பக்கம் அது. ஆனாலும் சுவரில் நேரடி வெயில் படுவது மிகக் குறைவு. மரத்தூண்கள் தாங்கும் ஆழமான தாழ்வாரம் கட்டடத்தைச் சுற்றிலும் ஓடுகிறது, தூண்களுக்கு இடையே தட்டிகளும் தொங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பத் தீட்டப்பட்ட ஓவியம்தான் என்றாலும், அது இன்றும் வண்ணத்தோடு இருப்பதில் அந்தத் தாழ்வாரத்துக்கும் பங்கு உண்டு. மேற்குச் சுவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்குப் புள்ளலூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய பாடம், அவர்கள் ஊர் வரையப்பட்ட சுவரிலேயே இருக்கிறது.

நவீன கட்டடங்களிலும் கூரையை மதித்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி கான்கிரீட்தான். ஆனால் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இன்னொரு கூரையாகப் பரப்பி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டார்கள். கட்டடம் கிழக்கு மேற்காக நீள்கிறது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் திருப்பி வைக்கக்கூடிய பட்டைகள். கான்கிரீட் குற்றவாளி இல்லை, அதைத் தனியாக வெயிலில் காயவிடுவதுதான் குற்றம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டுப் பக்கத்தில் இல்லை. ஆரோவில்லில் அழுத்திய மண் கல்லால் கட்டிய வருகையாளர் மையத்துக்கு 1992இல் கிடைத்த விருது ஹசன் ஃபத்தியின் பெயரால் வழங்கப்படுவது. அங்குள்ள மண் கட்டடக் கழகம் நூபிய வளைவுக் கூரையை இன்றும் கற்றுக்கொடுக்கிறது. தோண்டிய மண்ணில் சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்தி, சூளையில் சுடாமலே கல்லாக்குகிறார்கள். விறகும் நிலக்கரியும் மிச்சம்.

இன்று புள்ளலூரில் ஒருவர் தேக்கு உத்தரம் வாங்கி மெத்தை வீடு கட்டுவது நடக்காத காரியம், அதற்கு நான் வாதாடவும் மாட்டேன். கான்கிரீட் தளம் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அது காய்ந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. குயவரிடம் சின்ன மண் பானைகள் வாங்கித் தளத்தின் மேல் நெருக்கமாகக் கவிழ்த்து வைத்து, இடுக்குகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பி, மேலே தட்டோடு பதிக்கலாம். பானைக்குள் அடைபட்ட காற்று காசு கேட்காத காப்பு. இந்த முறை நம் ஊர்களில் முன்பே இருந்ததுதான். மேற்கே ஜன்னலைக் குறைத்துவிட்டுப் புங்கை வைக்கலாம். பங்குனி வாக்கில் இலை உதிர்த்து, சித்திரை பிறப்பதற்குள் புதுத்தளிர் விட்டு அடர்ந்துவிடும் மரம் அது. கத்திரிக்கு முன்னால் நிழல் தயார். வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்று பக்கமும் இரண்டடிக்குக் குறையாத சன்ஷேடு வேண்டும். முற்றம் விட மனையில் இடமில்லை என்றால், மாடிப்படிக்கு மேலே உள்ள கூண்டில் நான்கு பக்கமும் திறக்கிற ஜன்னல் வைத்தால் சூடான காற்று அந்த வழியே வெளியேறும்.

செலவைக் கேட்டுத் தயங்குகிறவர்களிடம் தளத்தில் மட்டும் கைவைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். டைல்ஸைக் குறைக்கலாம், ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடலாம். தட்டோடு பதிக்கும்போது தண்ணீர் தேங்காதபடி வாட்டம் சரியாக வருகிறதா என்று கூடவே நின்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பை மட்டும் பதினைந்து நாள் முன்னதாகவே தொட்டியில் ஊறப்போடச் சொல்ல வேண்டும். சிமெண்டிலேயே முடித்துவிடலாமே என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது.