சாம்பிளும் சரக்கும்

மேல்விஷாரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு டீக்கடை. 2023 தொடக்கத்தில் ஒரு மாலை நேரம். இரண்டு பையன்கள் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது ‘இண்டஸ்’ என்ற, இன்னும் வெளிவராத விளையாட்டின் டிரெய்லர். “பாரு மாமு, நம்ம நாட்டு கேம். இனி பப்ஜி எல்லாம் காலி” என்றான் ஒருவன். மற்றவன் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்பவன். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னான்: “இது சாம்பிள்டா. பல்க் வரட்டும், பேசலாம்.”

தோல் வட்டாரத்தில் வளர்ந்தவன் வாயில்தான் அந்தப் பேச்சு வரும். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை எந்தத் தோல் ஷாப்பிலும் பையர் முதலில் கேட்பது சாம்பிள். நிறம், கனம், மென்மை, ஃபினிஷ் எல்லாம் பிடித்திருந்தால் அந்தத் துண்டு பத்திரமாக எடுத்து வைக்கப்படும். பிறகு வரும் முழுச் சரக்கையும் அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு தோலில் அழகாகச் செய்து காட்டிவிட யாராலும் முடியும். ஆயிரம் தோலிலும் அதே நிறத்தைக் கொண்டுவருவதற்குப் பெயர்தான் தொழில். அறிவியல் புனைவு அதிரடி விளையாட்டு ஒன்றுக்காக இந்திய ரசிகர்கள் இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்ததை எடைபோட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை. எடைபோட வேண்டியவை இரண்டு: வந்து சேர்ந்த விளையாட்டு ஒன்று, அதற்கு முன்னால் இருந்த எதிர்பார்ப்பு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் இண்டஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் கெட்டுப்போனது.

முதலில் விவரம். இண்டஸை உருவாக்கியது புனேயைச் சேர்ந்த சூப்பர்கேமிங் நிறுவனம். ‘மாஸ்க்கன்’ என்ற துப்பாக்கி விளையாட்டின் மூலம் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். 2022இல் இண்டஸை அறிவித்தார்கள். 2023 ஜனவரியில் ஆண்ட்ராய்டில் முன்பதிவைத் திறந்தார்கள். விளையாட்டு எல்லோர் கைக்கும் வந்தது 2024 அக்டோபர் 16 அன்று. சிந்துவெளி நாகரிகம் அழியாமல் தொடர்ந்து விண்வெளி யுகத்துக்குள் நுழைந்திருந்தால் என்ற கற்பனை. விர்லோக் என்ற தீவு. அங்கே காஸ்மியம் என்ற அரும்பொருள். அதைத் தேடிவந்து சண்டையிடும் வீரர்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இந்தோ-ஃபியூச்சரிசம்’.

இந்தக் கற்பனைதான் ரசிகர்களை இழுத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. காலத்தைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையானது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று, பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐயும் ஆப் கடைகளிலிருந்து மறைந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு இது செய்தித்தாளின் நாலு வரி. ஆடுபவனுக்கு அது மூன்று வருட ஐடி, சேர்த்து வைத்த ஸ்கின், ராத்திரி ராத்திரியாக ஏற்றிய ரேங்க். ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்தோ, அப்துல் ஹக்கீம் கல்லூரி வகுப்பு முடிந்தோ, நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிந்தோ நாலு பேர் சேரும் இடம் அது. இரவோடு இரவாகப் பூட்டப்பட்டது. அந்த நேரத்தில் ஒரு இந்திய நிறுவனம் இந்திய விளையாட்டு வருகிறது என்றால் பையன்கள் அதில் முதலில் கேட்டது விண்வெளியை அல்ல. நாளைக்குத் தடையாகாத ஓர் இடத்தைக் கேட்டார்கள். வெறும் தேசப்பற்று என்று இதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடகை வீட்டிலிருந்து இரண்டு முறை வெளியேற்றப்பட்டவன் சொந்த வீடு தேடுவதைப் போன்ற நியாயம் அதில் இருக்கிறது.

இந்த நியாயத்தை விற்றுக் காசாக்க முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. பப்ஜி தடையான இரண்டே நாளில், 2020 செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்‌ஷய் குமார் ‘ஃபாவ்-ஜி’ என்ற விளையாட்டை அறிவித்தார். 2021 குடியரசு நாளில் அது வந்தது. பப்ஜிக்கு மாற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, வந்தது கல்வான் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் கையாலும் தடியாலும் அடித்துக்கொள்ளும் ஒரு தனிநபர் விளையாட்டு. கூட்டாளிகளோடு ஒரே களத்தில் இறங்கி, கடைசிவரை பிழைப்பவர் வெல்லும் பேட்டில் ராயல் அதில் இல்லை. கொடிதான் சாம்பிள், சரக்கு எது என்று யாரும் கேட்கவில்லை. இண்டஸை ஃபாவ்-ஜியோடு ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம். இண்டஸ் குழு தன் துப்பாக்கிகளை, பாத்திரங்களை, வரைபடத்தைத் தொடர்ந்து காட்டியது. பொது வெளியீட்டுக்கு முன்பே குறிப்பிட்ட ஆட்களுக்குப் பீட்டா என்ற சோதனை வடிவத்தைக் கொடுத்தது. தோல்காரர் மொழியில் சொன்னால், கவுன்டரில் உட்கார்ந்து வாயால் விற்கவில்லை. துண்டை வெட்டிக் கையில் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு கோடிக்கு மேல் முன்பதிவு என்று கொண்டாடினார்களே, அந்த எண்ணை என்ன செய்வது? அதற்கு எடையே இல்லை என்பேன். இலவச விளையாட்டின் முன்பதிவு என்பது ஒரு பொத்தானை அழுத்துவது. பத்துப் பைசா செலவில்லை. பக்கத்தில் ‘சைபர்பங்க் 2077’ஐ வைத்துப் பாருங்கள். 2012இல் அறிவிக்கப்பட்ட அந்தப் போலந்து விளையாட்டுக்கு, 2020 டிசம்பர் 10 அன்று வெளிவரும் முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டியிருந்தார்கள். அது எடையுள்ள எண். அப்படிப் பணம் கட்டியவர்களுக்கும் கிடைத்தது என்ன? விமர்சகர்களுக்கு முன்கூட்டி ஆடக் கொடுத்தது கணினி வடிவம் மட்டுமே. கோடிக்கணக்கானோர் வைத்திருந்த பழைய பிளேஸ்டேஷன் 4இல் அது எப்படி ஓடும் என்று யாருக்கும் காட்டவில்லை. சாம்பிள் ஒரு தோலில், பல்க் வேறொரு தோலில். வெளிவந்த எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் அது மறுபடி உள்ளே வந்தது. பின்னாளில் அந்த விளையாட்டு நன்றாகத் தேறியது என்பது வேறு கதை; பணம் கட்டியவன் கட்டியது பின்னாளுக்கு அல்ல.

இந்தியாவில் பிளேஸ்டேஷன் 4இன் இடத்தில் இருப்பது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன். மே மாத வேலூர் வெயிலில் அரை மணி நேரம் ஆடினால் போன் தோசைக்கல் ஆகிவிடும். நெட் திணறும். எந்த டிரெய்லரும் இந்தச் சூட்டைக் காட்டாது. ஆகவே இந்திய ரசிகன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, என் போனில், ஆட்கள் நிறைந்த ஆட்டத்தில், பதினைந்தாவது நிமிடத்தில் இது எப்படி ஓடும் என்பதே. துப்பாக்கியின் பெயர் என்ன, பாத்திரத்தின் முன்கதை என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

“அப்படியானால் பேசாமல் இருந்துவிட்டு, வந்த பிறகு விமர்சனம் படித்து முடிவு செய்ய வேண்டியதுதானே” என்று புத்தி சொல்பவர்கள் உண்டு. கதை விளையாட்டுக்கு அது சரியான புத்திமதி. டொராண்டோவிலிருந்து வந்த ‘வெண்பா’ என்ற தமிழ்ச் சமையல் விளையாட்டை 2023 ஜூலை 31க்குப் பிறகு எந்த நாளில் ஆடினாலும் அதே வெண்பாதான். அடுத்த ஆண்டு அது சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வாங்கியது, எந்த ஆரவாரமும் இல்லாமல். பலர் கூடி ஆடும் விளையாட்டின் கதை வேறு. அங்கே கூட்டமும் சரக்கின் ஒரு பகுதி. எல்லோரும் விமர்சனத்துக்காகக் காத்திருந்தால் முதல் நாள் லாபி காலியாக இருக்கும், காலி இடத்தில் பாட்களை, அதாவது கணினியே ஆட்டும் வீரர்களை, கொண்டுவந்து நிரப்புவார்கள், பாட்களைச் சுட்டுச் சலித்தவன் போனிலிருந்தே தூக்கிவிடுவான். ‘கான்கார்ட்’ என்ற சோனியின் விண்வெளிச் சண்டை விளையாட்டு 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. ஆயுள் பதினான்கு நாள். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை; ஆடவும் ஆளில்லை. ஆக, ரசிகனின் எதிர்பார்ப்பைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ள முடியாது. இத்தகைய விளையாட்டுக்கு அது பச்சைத் தோல். அது வராமல் பதனிடும் டிரம் சுற்றாது.

பச்சைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு, வைத்திருந்தால் கெடும். இண்டஸ் தோற்ற இடம் இதுதான் என்பது என் கணிப்பு. 2023 மே மாத இறுதியில் பிஜிஎம்ஐ திரும்பி வந்துவிட்டது. ஃப்ரீ ஃபயரின் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போகவே இல்லை. சொந்த வீடு தேடியவனுக்குப் பழைய வாடகை வீட்டின் சாவியே திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் இண்டஸ் பதினாறு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. தாமதமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2017இல் அறிவித்த ‘மெட்ராய்டு பிரைம் 4’ஐ 2019 ஜனவரியில் நின்டெண்டோ நிறுவனமே, தரம் போதவில்லை, முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டு நிறுத்தியது, அது வெளிவந்தது 2025 டிசம்பரில். ஆனால் மெட்ராய்டைத் தனியாக ஆடலாம், எட்டு ஆண்டு கழித்தும் ஆடலாம். கூட்டத்தை நம்பிய விளையாட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஸ்குவாட் என்பது நாலு பேர். வந்தால் நாலு பேரும் வர வேண்டும். ஒருவனுடைய ஐடியும் ஸ்கின்னும் பழைய விளையாட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் மற்ற மூவரும் அங்கேயே தங்கிவிடுவார்கள்.

சரக்குக்கு வருவோம். இண்டஸின் உண்மையான கண்டுபிடிப்பு காஸ்மியம். வழக்கமான பேட்டில் ராயலில் வட்டம் சுருங்கும், புதருக்குள் படுத்திருப்பவன் கடைசிவரை பிழைப்பான், ஜெயிப்பான். இங்கே இறுதிக் கட்டத்தில் காஸ்மியம் தோன்றும். அதைக் கைப்பற்றித் தக்கவைக்கும் அணியும் வெல்லலாம். படுத்திருப்பவன் எழுந்து வந்தே தீர வேண்டும். மொத்த வகைமையின் பழைய நோய் ஒன்றுக்கு இது மருந்து, அதுவும் ஒரே விதியில். கொன்றவனை நினைவில் வைத்து மறுபடி பழிதீர்க்க விடும் ‘கிரட்ஜ்’ ஏற்பாடும் நம் தெருக் கிரிக்கெட்டின் குணத்தை அறிந்து வைத்தது. குறை என்னவென்றால் இந்தப் புதுமை ஆட்டத்தின் வாலில் மட்டும் இருக்கிறது. குதிப்பது, பொறுக்குவது, ஓடுவது, மறைவது என்று அதுவரை போகும் நேரமெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும் விளையாட்டுகளின் சாயல்தான். கடைசிச் சில நிமிடங்களுக்காக ஒருவன் தன் ஐடியை விட்டு வரமாட்டான்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இண்டஸ் என்றால் சிந்து. 1924 செப்டம்பர் 20 அன்று ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். நூறாண்டு நிறைந்து இருபத்தாறு நாளில் இண்டஸ் வெளிவந்தது. அடுத்த ஜனவரியில் சென்னையில், சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். தமிழ் வாசகனுக்கு இந்தப் பெயர் எவ்வளவு கனமானது என்பதற்கு இதுவே போதும். விளையாட்டுக்குள் அந்தக் கனம் இல்லை. ‘சர்-தாஜ்’ என்று ஒரு பாத்திரம் இருக்கிறது. உருதுவில் ‘சர்தாஜ்’ என்றால் மகுடம்; உருது பேசும் மேல்விஷாரத்தில் அந்தச் சிலேடைக்கு யாரும் உரை எழுத வேண்டாம், ரசிக்கத்தக்கதுதான். ஆனால் மொஹஞ்சதாரோ நமக்குக் காட்டியவை நேரான தெருக்கள், மூடிய வடிகால்கள், முத்திரைகள், ஊருக்கு ஊர் மாறாத எடைக்கற்கள். படை அணிவகுப்பையோ வெற்றிச் சின்னத்தையோ செதுக்கி வைத்துப் பெருமைப்படாத நாகரிகம் அது. அது ஐயாயிரம் ஆண்டு தொடர்ந்திருந்தால் அங்கே துப்பாக்கிச் சண்டை எதற்கு என்ற கேள்வியை இந்தக் கதை எழுப்பவே இல்லை. எழுப்பியிருந்தால் அது அறிவியல் புனைவு. எழுப்பாததால் அலங்காரம்.

ஆகவே என் தீர்ப்பு இது. ரசிகர்கள் ஏமாளிகள் அல்லர். அவர்கள் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணம் 2023 மே மாதத்தோடு முடிந்தது. சூப்பர்கேமிங் முதல் ஆண்டில் தேர்ச்சி, இரண்டாம் ஆண்டில் தோல்வி. இண்டஸ் என்ற சரக்கு சாம்பிளுக்கு ஒரு ரகம் கீழே. ரிஜெக்ஷன் போட வேண்டியதில்லை. காஸ்மியம் ஒன்றுக்காகவே, பேசியதைவிடக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். இலவச விளையாட்டில் விலை என்பது உங்கள் நேரம்தான். கூட்டாளிகள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், ஒரு மாதம் வேண்டாம்.