கூசாரியின் சான்று வாதம்: ஒரு மறுவாசிப்பு

யூத சமய நம்பிக்கையை அறிவுவழி வாதத்தால் நிறுவ இயலும் என்போர் இன்றும் பெரிதும் சார்ந்து நிற்பது யூதா ஹலேவியின் 'கூசாரி' எனும் நூலையே ஆகும். ஸ்பெயின் நாட்டு எபிரேயக் கவிஞராகிய இவர், 1140ஆம் ஆண்டையொட்டி யூத அரபு மொழியில் இந்நூலை உரையாடல் வடிவில் நிறைவு செய்தார். கசார் நாட்டு மன்னன் மெய்யியலறிஞர், கிறித்துவர், இசுலாமியர் ஆகியோரை வினவிய பின்னரே, வேறு வழியின்றி யூத அறிஞரை அழைக்கிறான். அவரோ உலகைப் படைத்த இறைவனிலிருந்து தொடங்காமல், எகிப்திலிருந்து தம் முன்னோரை மீட்ட இறைவனிலிருந்து தொடங்குகிறார். சீனாய் மலையில் ஆறு இலட்சம் பேர் நேரில் கண்டு, கேட்டு, தம் மக்களுக்கு உரைத்த செய்தி பொய்யாதல் இயலாது என்பது அவர்தம் வாதம்.

நம் அளவை நூலார் காட்சி, கருதல், உரை எனப் பகுத்ததை இங்கு நினைவுகூரலாம். ஹலேவி உரையைக் காட்சிக்கு நிகராக உயர்த்துகிறார். அவருக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே சாதியா காவோன் (882–942) புலனறிவு, பகுத்தறிவு, அனுமானம் ஆகியவற்றுடன் நம்பத்தக்க மரபையும் அறிவின் வாயிலாகச் சேர்த்திருந்தார்.

எனினும், இவ்வாதத்தின் அடித்தளம் உறுதியானதன்று. நம் முன் இருப்பது ஆறு இலட்சம் சாட்சியங்கள் அல்ல. ஆறு இலட்சம் பேர் இருந்தனர் எனக் கூறும் ஒரு நூலே. மரபு இடையறாது வந்தது என்பதற்கும் அம்மறையிலேயே தடை உண்டு. யோசியா மன்னன் காலத்தில் திருச்சட்ட நூல் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்டதையும், நீதித்தலைவர் காலந்தொட்டு அத்தகைய பாஸ்கா கொண்டாடப்படவில்லை என்பதையும் அரசர் இரண்டாம் நூல் கூறுகிறது. தந்தை மகனுக்குத் தவறாது சொல்லிவந்த செய்தியாயின் மன்னன் அதிர்ந்து ஆடையைக் கிழித்துக்கொண்டது ஏன்? மைமோனிடிசும் (1138–1204) அற்புதங்கள் ஐயத்திற்கு இடந்தருவன என்று கூறிச் சீனாய் நிகழ்வையே பற்றினார். உலகம் படைக்கப்பட்டதா, என்றும் உள்ளதா என்பதை மெய்ப்பிக்க இயலாது என ஒப்புக்கொண்ட நேர்மையாளர் அவர். அவருக்கும் இவ்வினா எழவில்லை என்பது வியப்பே.

ஆயின் ஹலேவியை இதனால் வீழ்த்திவிட்டதாகக் கருதுவது பிழையாகும். வகுப்பறையில் இந்நூலை முதற்பகுதியோடு நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்தேன். ஐந்து பகுதிகளில், இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே மன்னன் யூத சமயத்தைத் தழுவிவிடுகிறான். எஞ்சிய பெரும்பகுதி முழுவதும் ஏற்றுக்கொண்டவனின் வினாக்களே. மேலும், அவனைத் தேடலில் செலுத்திய கனவு அவன் கருத்தைக் குறைகூறவில்லை; நோக்கம் நன்று, செயல்தான் ஏற்புடையதன்று என்றே அது உரைத்தது. குறை செயலில் இருக்க, சான்று மட்டும் அதனை எவ்வாறு நிறைக்கும்?

நூலின் அரபுத் தலைப்பே, இகழப்பட்ட சமயத்தைக் காப்பதற்கான மறுப்பும் சான்றும் எனப் பொருள்படுகிறது. இகழ்ச்சிக்கு ஆளான ஒரு சமூகம் தன் பற்றுறுதி மடமையன்று எனக் காட்டும் முயற்சி இது; புறத்தாரை வாதத்தால் கட்டுப்படுத்தும் கருவியன்று. பின்னாளில் மோசஸ் மெண்டல்சோன் 1783இல் வெளியிட்ட 'எருசலேம்' நூலில், யூத சமயம் வெளிப்படுத்தப்பட்ட சட்டமேயன்றி வெளிப்படுத்தப்பட்ட கோட்பாடன்று என வரையறுத்தபோது, ஹலேவியின் கனவுக் காட்சிக்கு அவர் மிக அருகில் நின்றார் என்பேன்.

நூலின் இறுதியில் யூத அறிஞர் மன்னனிடம் விடைபெற்று எருசலேம் நோக்கிப் புறப்படுகிறார். ஹலேவியும் 1140இல் ஸ்பெயினை விட்டு எகிப்து வழியாக அத்திசையிலேயே பயணமானார். அடுத்த ஆண்டு மறைந்தார்.