கண்டதும் கனவும்: ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' – ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

இந்திய அறிவியல் புனைகதையின் தொடக்க காலப் படைப்புகளுள் ரொக்கையா சகாவத் ஹுசைன் (1880–1932) ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' தனி இடம் பெறுவது. பீகாரின் பாகல்பூரில் வாழ்ந்த வங்காள முஸ்லிம் பெண் ஒருவர் எழுதிய இக்கதை, 1905ஆம் ஆண்டு சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் முதன்முதலில் வெளிவந்தது. 1908இல் கல்கத்தாவில் நூலாயிற்று. ஆசிரியரே இதனை வங்காளத்தில் ஆக்கி, 1922இல் வெளியான 'மோதிசூர்' இரண்டாம் பகுதியில் சேர்த்தார். 2005இல் புது தில்லியிலிருந்து பெங்குவின் நிறுவனம், பர்னிதா பாக்சியின் மொழிபெயர்ப்பில் அமைந்த 'பத்மராக்' புதினத்துடன் இதனை ஒரே நூலாக வெளியிட்டது. 2024இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் ஆசிய-பசிபிக் வட்டாரப் பதிவேட்டிலும் இது இடம்பெற்றது.

இப்புகழுக்குரிய காரணமாகப் பலரும் சுட்டுவது, கதையில் வரும் சூரிய வெப்ப அடுப்பும் வானில் செல்லும் வண்டியும் பின்னாளில் உண்மையாயின என்பதே. இவ்வளவுகோல் கதைக்கு நீதி செய்வதன்று. பெண்கள் ஆள, ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் ஒரு நாட்டைக் காட்டும் இக்கதையின் வலிமை, கனவு என்னும் வடிவத்திலும், அக்கனவுக்குள் அன்றாடச் சொற்கள் பொருள் புரளும் முறையிலும் உள்ளது. இவ்விரண்டையும் தமிழில் காப்பாற்றுவதிலுள்ள இடர்ப்பாடுகளையும், தமிழே அதற்கு நல்கும் வாய்ப்புகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஊற்றாகும் கனவும் வடிவாகும் கனவும்

கனவுக்கும் அறிவியல் புனைகதைக்கும் உள்ள உறவு இருவகைப்படும். ஒன்று, எழுத்தாளர் உண்மையிலேயே கண்ட காட்சி கதைக்கு ஊற்றாவது. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது அரைத்தூக்கத்தில் தோன்றிய காட்சியே 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினமாயிற்று என மேரி ஷெல்லி 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் கூறினார். மற்றொன்று, கதையையே கனவாக அமைப்பது. நிலவுலகப் பயணத்தைக் கனவாகச் சொல்லி, வானியல் விளக்கங்களை அடிக்குறிப்புகளில் வைத்த கெப்ளரின் 'சோம்னியம்' (1634) இதற்குப் பழைய சான்று. ரொக்கையாவின் கதை இரண்டாம் வகையைச் சார்ந்தது. கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தபோது பொழுதுபோக்காக எழுதியதென்றே அவர் இதனைக் குறிப்பிட்டார். திரும்பிவந்த கணவர் நின்றபடியே படித்து முடித்து, இது கொடிய பழிவாங்கல் என்றாராம். பழிவாங்கல் என்று உணரப்படும் ஒன்றைக் கனவென்று பெயரிட்டுத் தந்ததில்தான் ஆசிரியரின் திறம் தெரிகிறது.

தமிழ் மரபில் கனவு பெரும்பாலும் இரு பணிகளைச் செய்கிறது. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தேவந்தியிடம் சொல்லும் கனா, வரவிருப்பதை முன்னுணர்த்துவது. திருக்குறளின் 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தில் வரும் கனவு, நனவில் கிட்டாததைத் தருவது. சமூக ஒழுங்கையே மாற்றி அமைத்துப் பார்க்கும் பயணமாகக் கனவை ஆள்வது இருபதாம் நூற்றாண்டின் வரவு. மனத்தைத் தேராக்கி வேற்றுலகங்களுக்குச் செல்லும் பாரதியின் 'ஞானரதம்' 1910இல் நூலாயிற்று. ரொக்கையாவின் கதை அச்சேறிய 1905ஆம் ஆண்டிலேயே அதே சென்னையில் பாரதி 'சக்கரவர்த்தினி' என்னும் மகளிர் இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என வாதிடுவது இங்கு நோக்கமன்று. பெண்ணுரிமைச் சிந்தனையும் கனவுப் பயணமும் ஒரே நகரில் ஒரே காலத்தில் அச்சேறின என்பதும், தமிழ் வாசகருக்கு இவ்வடிவம் புதியதன்று என்பதுமே கருதத்தக்கன.

3. உறங்கினேனோ என்னும் ஐயம்

கதைசொல்லி தன் படுக்கையறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையைச் சோம்பலாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். கண்ணயர்ந்தாளா இல்லையா என்பது அவளுக்கே உறுதியில்லை. ஆனால் தன் நினைவுக்கு எட்டியவரை விழித்திருந்ததாகவே சொல்கிறாள். வெளியே நிலவும் விண்மீன்களும் தெரிகின்றன. அப்போது வரும் தோழி காலை வணக்கம் கூறுகிறாள். அவளுடன் தெருவில் இறங்கியதும் பொழுது நன்றாக விடிந்திருக்கக் காண்கிறாள். இரவு பகலானதை விளக்கும் ஒரு சொல்லும் இல்லை.

இத்தொடக்கத்தை மொழிபெயர்ப்பவர் முன்னர் மூன்று வாய்ப்புகள் உள்ளன. 'உறங்கிவிட்டேன்' என எழுதினால், முடிவுற்றதை உணர்த்தும் 'விடு' என்னும் துணைவினை ஐயத்தை அடியோடு அழித்துவிடும். 'உறங்கிவிட்டேன் போலும்' என்றால், பேசுபவள் ஒரு முடிவின் பக்கம் சாய்ந்தவளாகிறாள். 'உறங்கினேனோ இல்லையோ' என்பதில் வரும் ஓகார இடைச்சொல்லே இரு கதவுகளையும் திறந்து வைப்பது. இது நடை அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. உறக்கம் உறுதியானால் அடுத்து வருவன யாவும் வெறுங்கனவு. விழிப்பு உறுதியானால் யாவும் மாயக்கதை. இரண்டுமல்லாத நிலையில்தான் வாசகர் அந்த நாட்டை ஒரு வாய்ப்பாக எண்ணத் தொடங்குகிறார்.

இங்குத் தமிழுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தமிழில் கனவு காணப்படுவது. கன்னடக் கனசும் தெலுங்குக் கலவும் அவ்வாறே. வங்காளத்திலும் இந்தியிலும் கனவு பார்க்கப்படுகிறது. ஆங்கிலமோ பார்வை வினையின் துணையின்றியே கனவைக் கூறிவிடும். வங்காளமும் உருதும் வழங்கிய வீட்டில் வளர்ந்து பின்னர் ஆங்கிலம் கற்றவர் ரொக்கையா. அவரது கதையில் தோழி காட்டுகிறாள், கதைசொல்லி பார்க்கிறாள், வியக்கிறாள், கேட்கிறாள். கதை முழுவதும் காண்டலே தலைமை வினை. தமிழாக்கம் இவ்வினையை 'உணர்ந்தேன்', 'தோன்றியது' என்று மங்கச் செய்யாமல் 'கண்டேன்' என்றே நிறுத்துதல் தகும்.

4. ஜெனானாவும் மர்தானாவும்

பழைய தில்லியின் ஹவேலிகளை அறிந்தோர்க்கு ஜெனானா, மர்தானா என்பன கட்டடப் பகுதிகளின் பெயர்கள். பெண்கள் புழங்கும் உட்பகுதி முன்னது. ஆண்கள் அமர்ந்து விருந்தினரை வரவேற்கும் வெளிப்பகுதி பின்னது. மர்தானா என்பது அங்கு மதிப்புக்குரிய இடம். ரொக்கையா இச்சொல்லைப் புதிதாகப் படைக்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றினார். அவரது கதையில் மர்தானா என்பது ஆண்கள் அடைபட்டிருக்கும் உள்வீடு. பழகிய சொல் ஒன்று இருந்த இடத்திலேயே சிறையாகிறது.

ஜெனானாவுக்கு 'அந்தப்புரம்' என்று எழுதுவது தமிழில் எளிய வழி. ஆயின் அந்தப்புரம் அரண்மனைக்குரியது. அரசகுமாரிகளையும் தோழியரையும் நினைவூட்டுவது. நடுத்தர வீட்டுப் பெண்ணின் அடைப்பு அதில் ஒலிக்காது. மேலும் அதற்கு ஆண்பால் இணைச்சொல் இல்லை. பழைய வீடுகளில் ஆண்களுக்குத் திண்ணையும் பெண்களுக்கு இரண்டாங்கட்டும் உரியவையாக இருந்தன. எனினும் இச்சொற்கள் வழக்கத்தைக் குறிப்பனவேயன்றிக் கட்டாயத்தைக் குறிப்பனவல்ல.

தமிழகத்தில் இவ்வழக்கத்திற்கு வழங்கிவந்த சொல் 'கோஷா'. சென்னையில் 1885இல் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்டு, பின்னர் கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்ற அரசு மருத்துவமனையை மக்கள் இன்றளவும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். எனவே பெண்களின் நிலைக்குக் 'கோஷா' எனவும், கனவு நாட்டின் ஏற்பாட்டுக்கு 'ஆண்கோஷா' எனவும் எழுதலாம். 'ஆண்கோஷா' என்ற சொல்லைப் பார்த்ததும் எழும் சிரிப்பும், அச்சிரிப்பைத் தொடர்ந்து எழும் கேள்வியும் ஆசிரியர் விரும்பியவையே. அண்டை நாட்டுப் படையிடம் தோற்றுக் காயமுற்றுத் திரும்பிய ஆண்களிடம், பெண்கள் வெளியே வரவேண்டியிருப்பதால் மறைப்பு முறையைக் காக்கும் பொருட்டு நீங்கள் உள்ளே செல்லுங்கள் என்றே சொல்லப்படுகிறது. பெண்ணை அடைத்த அதே நெறி ஆணை அடைக்கப் போதுமானதாகிறது. ஒரே சொல் இரு இடத்தும் வந்தால்தான் இந்நுட்பம் விளங்கும்.

5. பெண்ணாடும் ஆண்பிள்ளைத்தனமும்

ஆங்கிலத்தில் 'லேடிலேண்ட்' எனப்பட்ட நாட்டுக்கு ரொக்கையா வங்காளத்தில் இட்ட பெயர் 'நாரீஸ்தான்'. இந்துஸ்தான் என்பதன் ஓசை அதில் கலந்திருப்பதால், அது தொலைவிலுள்ள கற்பனை நாடாக ஒலிப்பதில்லை. தமிழில் பெண்ணாட்சி என்றதும் நினைவுக்கு வருவது அல்லி அரசாணியின் கதை. ஆனால் 'அல்லி ராஜ்ஜியம்' என்னும் வழக்கு, பெண்ணின் ஆட்சியை எள்ளுவதற்கே பெரிதும் பயன்படுகிறது. அக்கதையிலும் அல்லி முடிவில் அருச்சுனனின் சூழ்ச்சியால் அடக்கப்படுகிறாள். மண்ணின் மணம் கமழ்கிறது என்பதற்காக அச்சொல்லை எடுத்தாள்வது, ரொக்கையா தலைகீழாக்கியதை மீண்டும் நேராக்கி வைப்பதாகும். மரபுச்சொல் எல்லா இடத்தும் மூலத்துக்கு நெருங்கியது என்ற எண்ணத்திற்கு இது தக்க மறுப்பு. 'பெண்ணாடு' என்னும் எளிய தொகையே இங்குப் போதுமானது.

இதனினும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. தெருவில் கூசிக்கூசி நடக்கும் சுல்தானாவைக் கண்டு அந்நாட்டுப் பெண்கள் நகைக்கின்றனர். அவள் ஆணைப்போல் இருக்கிறாள் என்று அவர்கள் சொல்வதாகத் தோழி விளக்குகிறாள். அவள் கேட்டபோது, ஆண்களைப்போல் அச்சமும் நாணமும் உடையவள் என்பதே அதன் பொருள் என்கிறாள். நாணமும் அச்சமும் பெண்ணுக்குரிய குணங்களாக எண்ணப்பட்ட தமிழில் இவ்விடம் மூலத்தைவிட வலிமையுடன் ஒலிக்கக்கூடியது. 'ஆண்பிள்ளைத்தனம்' என்பது நம் வழக்கில் துணிவையே குறிக்கும். அச்சொல்லையே வைத்து, பொருளை மட்டும் தோழி மாற்றிச் சொல்ல விடுவதே முறை. 'கூச்சமுள்ளவள்' என்று மொழிபெயர்ப்பவர் பொருளைக் காத்துக் கதையை இழக்கிறார்.

தோழியை அழைக்கும் முறையும் எண்ணத்தக்கது. 'சகோதரி சாரா' என்பது மேடைப்பேச்சின் விளி. 'சிஸ்டர்' செவிலியரையோ கன்னியரையோ குறிக்கும். 'அக்கா' வயதை முடிவு செய்துவிடும். ஆங்கிலத்தில் மறைந்திருக்கும் 'நீ', 'நீங்கள்' வேறுபாட்டையும் தமிழ் வெளிப்படுத்தியாக வேண்டும். அவர்கள் முன்பே உடன் உலாவிய தோழியர் என்பதால், 'சாரா அக்கா' என்ற விளியும், அவள் பதிலுக்கு 'நீ' என்று பேசுவதும் வழிகாட்டியும் வழிச்செல்பவளும் என்ற உறவுக்குப் பொருந்தும்.

6. அறிவியற் சொற்களின் புதுமை

பெண்ணாட்டில் இரு பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை வானில் நிறுத்தி முகில்களிலிருந்து நீரைப் பெறுகிறது. மற்றொன்று, சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. அவ்வெப்பத்தைப் பகைவர்மேல் செலுத்தியே போர் வெல்லப்படுகிறது. இவ்வாராய்ச்சிகளைப் படையினர் முதலில் உணர்ச்சிவயப்பட்டோர் காணும் கெட்ட கனா என்று எள்ளினர். கனவுக்குள் இருக்கும் ஒரு நாட்டில் அறிவியலைக் கனவென்று பழிப்பவர்கள் தோற்கிறார்கள். எனவே தலைப்பிலுள்ள சொல்லும் இங்கு வரும் சொல்லும் ஒரே வேரினவாக அமைதல் நன்று. 'கனவு' என்றும் 'கெட்ட கனவு' என்றும் எழுதினால் இணைப்பு நிற்கும். பின்னதைப் 'பிதற்றல்' என்றாக்கினால் அறுந்துவிடும்.

ஹைட்ரஜன் நிரப்பிய இரு உருண்டைகளும் மின்விசையால் இயங்கும் இறக்கைகளும் கொண்ட ஊர்தியை 'வானூர்தி' என்றோ 'விமானம்' என்றோ எழுதினால், இன்றைய வாசகர் மனத்தில் எழுவது பயணிகள் விமானமே. வானவூர்தி என்னும் சொல் புறநானூற்றிலேயே வழங்கிய பழமை உடையதாயினும், இவ்விடத்தில் அப்பழமை உதவாது. ஆசிரியர் காட்டுவது, பலகையில் இருக்கைகளைத் திருகி இணைத்துப் பெண்கள் தாமே செய்துகொள்ளும் எளிய கருவி. 'காற்றுவண்டி' என்னும் சொல் அந்த எளிமையையும் புதுமையையும் ஒருங்கே காக்கும்.

7. முடிவுரை

தில்லியில் வளர்ந்த வந்தனா சிங் எழுதிய 'டெல்லி' (2004) என்னும் சிறுகதையில், அந்நகரின் கடந்த காலத்தவரையும் எதிர்காலத்தவரையும் ஒருவன் தெருக்களிலேயே காண்கிறான். அவனுக்கு உறக்கம் தேவைப்படவில்லை. ரொக்கையாவின் சுல்தானாவுக்கோ வீட்டைவிட்டு வெளியேறவே ஒரு கனவு தேவைப்பட்டது. இவ்வேறுபாடு கற்பனையின் வளத்தைப் பற்றியதன்று. தெருவில் நடக்கும் உரிமையைப் பற்றியது. கனவு வடிவத்தை வெறும் உத்தியெனக் கொள்வோர் இதனைத் தவறவிடுகின்றனர்.

தமிழில் 'கனவு' என்னும் சொல்லுக்கு இன்று உறக்கத்தில் காண்பது, எதிர்காலக் குறிக்கோள், பயனற்ற பகற்கனவு என மூன்று பொருள்கள் வழங்குகின்றன. இம்மூன்றில் ஒன்றையும் உறுதிசெய்யாமலே ரொக்கையாவின் கதை நகர்கிறது. காற்றுவண்டியிலிருந்து வழுக்கி விழுந்து திடுக்கிட்டு எழும் சுல்தானா, தன் அறையின் சாய்வு நாற்காலியிலேயே தான் இருக்கக் காண்கிறாள். அந்த இடத்திற்கும் தமிழில் உரிய வினை 'கண்டேன்' என்பதே. பெண்ணாட்டையும் கண்டாள்; அடைபட்ட அறையையும் கண்டாள். இரண்டையும் ஒரே வினையால் முடிக்கும் மொழிபெயர்ப்பில், எது கனவு எது நனவு என்னும் கேள்வி வாசகரிடமே எஞ்சி நிற்கும்.